அக்குபிரஷரா, துய்னாவா? ரெண்டையும் பாத்தாச்சு

சிங்கப்பூர் சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளக்ஸ்ல மசாஜ் கடைங்களுக்குப் பஞ்சமே இல்ல, புள்ளி பாத்து விரலால அழுத்தற அக்குபிரஷர், துய்னாங்கற சீன மசாஜ் எல்லாம் ஒண்ணுதான்னு நானும் ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன், கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தே கழுத்து பிடிச்சுக்கிட்ட அப்புறம்தான் வித்தியாசம் புரிஞ்சுது.

ரெண்டுக்கும் பின்னாடி இருக்கற தியரி ஒண்ணுதான். உடம்புல 'சி'ங்கற சக்தி ஓடுற பாதைகள், அதுல 361 புள்ளிங்க. அப்படி ஒரு பாதைய அறுத்துப் பாத்து யாரும் கண்டுபிடிக்கல, எனக்கு அது சும்மா ஒரு மேப்பு.

அக்குபிரஷர்ல பெரிய வசதி, நம்ம கட்டைவிரல் போதும், காசு கிடையாது. பஸ்ல குமட்டுச்சுன்னா உள்ளங்கை பக்கம் மணிக்கட்டு ரேகைல இருந்து முழங்கை பக்கமா மூணு விரல் தள்ளி, ரெண்டு தசைநாணுக்கு நடுவுல அழுத்தணும், அந்தப் புள்ளிக்கு நெய்குவான்னு பேரு. ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற குமட்டல் இதுல குறையுதுன்னு ஆராய்ச்சியே இருக்கு. ஆனா என் கழுத்துக்கு? ம்ஹூம். பத்து நிமிஷம் நல்லா இருக்கும், திரும்ப அதே கதைதான்.

துய்னா வேற லெவல். 'துய்'னா தள்றது, 'நா'னா பிடிக்கறது. புள்ளியோட நிக்காம தசை முழுக்க பிசைவாங்க, புறங்கைய உருட்டி உருட்டி தோள்பட்டைல ஏத்துவாங்க. நம்மூரு எண்ணெய் மசாஜ் நெனப்புல போகாதீங்க, பெரும்பாலும் எண்ணெயே கிடையாது, சட்டை மேலயே ஒரு துணிய போட்டு ஆரம்பிச்சிருவாங்க. சீனாவுல இதுக்கு யுனிவர்சிட்டி படிப்பே இருக்கு, பார்வை இல்லாதவங்க நிறைய பேருக்கு அங்க மசாஜ்தான் பொழப்பு. எனக்கு முழங்கைய வெச்சு ஒரு அழுத்து அழுத்துனாங்க பாருங்க, உயிரே போயிருச்சு. மறுநாள் உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி. மூணாம் நாள் கழுத்து ஃப்ரீயா திரும்புச்சு, தானாவே சரியாயிருந்தாலும் ஆச்சரியம் இல்ல.

ரிஸ்க்கும் துய்னாலதான் ஜாஸ்தி. எலும்புத் தேய்மானம் இருந்தாலோ ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டர கேக்காம போகாதீங்க. கழுத்த சடக்குனு திருப்ப வந்தா வேணாம்னு சொல்லிருங்க, அபூர்வமா ரத்தக்குழாய் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வரைக்கும் போகும். கை மரத்துப் போகுதுன்னா ரெண்டுமே வேணாம், நேரா ஆஸ்பத்திரிதான். அக்குபிரஷர்லயும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற ஹெகு புள்ளிய கர்ப்பிணிங்களுக்கு அழுத்தக்கூடாதுன்னு சீன வைத்தியர்களே சொல்வாங்க.

இப்போ தலைவலி, குமட்டலுக்கெல்லாம் என் விரலே போதும். கழுத்து ரொம்ப இறுகிப்போனா மட்டும் துய்னா, போறப்போ 'சிங் இ தியென்'ங்கறத மனப்பாடம் பண்ணிட்டுப் போவேன், சீன மொழில கொஞ்சம் லேசா அழுத்துங்கன்னு அர்த்தம்.