கர்ப்பப்பைத் தழும்பு: கத்தரியா, கரண்டா?

கரு இல்லாதபோது கர்ப்பப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கும். உள்ளே இருக்கும் மென்படலம்தான் அவற்றை ஒட்டவிடாமல் காக்கிறது. கருச்சிதைவுக்கோ பிரசவத்துக்கோ பிறகு டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்யும்போது படலத்தின் அடியடுக்கு வரை சுரண்டிவிட்டால், இரண்டு பக்கத்துப் புண்ணும் சேர்ந்து தழும்பாகி ஒட்டிக்கொள்ளலாம். காசநோயாலும் இப்படி ஆவதுண்டு. 1894-இல் ஃப்ரிட்ச் என்ற டாக்டர் இதைப் பதிவு செய்தார். 1948-இல் விரிவாக எழுதிய ஆஷர்மேனின் பெயர்தான் ‘ஆஷர்மேன் சிண்ட்ரோம்’ என்று நிலைத்தது.

கண்ணால் பார்க்காமல் கருவியை விட்டுப் பிரிக்கும் பழைய முறையை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே தயக்கமாக இருக்கிறது. புண்ணாக்கிய அதே சுரண்டலை மருந்தாகவும் கொடுப்பது போன்றது அது. இன்று ஹிஸ்டரோஸ்கோப்பில் (கர்ப்பப்பைக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமரா குழாய்) பார்த்துக்கொண்டே வெட்டுவதுதான் முறை. எதைக் கொண்டு வெட்டுவது என்பதில்தான் போட்டி.

கத்தரி மெல்லியது, சூடு இல்லாதது. திரையில் பார்த்தால், சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய வெள்ளை நாடா போல ஒட்டல் தெரியும். நடுவில் ஒரு வெட்டு. நாடா சுருங்கி இருபக்கமும் ஒதுங்கிவிடும். இன்னும் மெல்லிய ஒட்டல் என்றால் கருவியின் நுனி பட்டாலே பிரிந்துவிடும். பக்கத்தில் மிஞ்சியிருக்கும் நல்ல படலத்துக்குச் சூட்டுக்காயம் கிடையாது. குறை என்னவென்றால், ரத்தம் கசிந்தால் பார்வை மங்கும். தடித்த தழும்பை வெட்டக் கை வலிக்கும்.

கரண்டில் வெட்டினால் வேகம், ரத்தக்கசிவும் குறைவு. ஆனால் சூடு பக்கவாட்டிலும் பரவும். தப்பித்தவறிச் சுவர் துளைபட்டால் குடல்வரை சுட்டுவிடும் அபாயம் இருக்கிறது. உள்ளே பார்ப்பதற்காகக் கர்ப்பப்பையைத் திரவம் விட்டு விரிப்பார்கள். கரண்டு உடல் வழியாகப் பாயும் மோனோபோலார் கருவிக்குக் கிளைசின் போன்ற உப்பில்லாத திரவம் வேண்டும். அது உடலில் ஏறினால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். அதனால் உடலில் ஏறியது 1000 மில்லி ஆனால் பொதுவாக நிறுத்தச் சொல்வார்கள். கரண்டு கருவியின் நுனியிலேயே சுற்றி முடியும் பைபோலாருக்குச் சலைன் (உப்புநீர்) போதும், ஆரோக்கியமானவர்களுக்கு 2500 மில்லி வரை இடம் உண்டு. கரண்டுதான் என்றால் பைபோலார்.

என் ஓட்டு கத்தரிக்கே. இங்கே காப்பாற்ற வேண்டியது மிச்சமிருக்கும் படலம். தழும்பை முழுசாக வெட்ட முடியாவிட்டாலும் பரவாயில்லை, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். படலம் போனால் போனதுதான். சுவர் எங்கே, தழும்பு எங்கே என்று தெரியாத அளவுக்கு மூடிக்கிடந்தால் வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்துக்கொண்டே வெட்டுவது நல்லது.

வெட்டுவது பாதி வேலை. அப்புறம் மறுபடி ஒட்டாமல் பார்க்க வேண்டும். உள்ளே சில நாள் பலூன் வைப்பார்கள், அல்லது லூப் (தாமிரம் இல்லாத கருத்தடை வளையம்). காப்பர் டி இதற்குச் சரிவராது: தாமிரம் வீக்கத்தைத் தூண்டும், அதன் ஒல்லி உருவம் சுவர்களைப் பிரித்து வைக்கவும் போதாது. ஹயலூரானிக் ஜெல் மறுஒட்டலைக் குறைக்கிறது; குழந்தைப்பேறு கூடுகிறது என்பதற்கு ஆதாரம் அவ்வளவு உறுதியில்லை. படலம் வளர ஈஸ்ட்ரோஜன் கொடுப்பது வழக்கம். எதை வைத்தாலும், கொஞ்ச நாள் கழித்து மறுபடி ஹிஸ்டரோஸ்கோப்பில் பார்த்துவிடுவதே நம்பகமானது. கடுமையான ஒட்டல் திரும்பி வருவது சகஜம்.

கரு தரித்துவிட்டால் இந்தச் சிகிச்சை நடந்ததைப் பிரசவ டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நச்சுக்கொடி சுவரோடு ஆழமாக ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம்.