வாவித் தோணியில் குடிக்க: இளநீரா, தேசிக்காய்த் தண்ணியா?

மட்டக்களப்பு வாவித் தண்ணி உவர். கொண்டுபோவதுதான் குடிநீர். கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் நிழலில்லாத தோணியில் தாகம் சும்மா விடாது.

இளநீர் வெட்டும்வரை கெடாது, அதுதான் அதன் பெலன். போத்தலில் ஊற்றி வெயிலில் வைத்தால் சில மணித்தியாலத்தில் புளித்துப்போகும். ஆகவே கரையிலேயே மட்டையைச் சீவி, ஓடு தெரிய, ஆனால் ஓட்டை விழாமல் நிறுத்துங்கள். தோணியில் கத்தி நுனியே போதும். பாரம்தான் பிரச்சினை. சுமார் 300 மில்லிலீற்றருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும். சாக்கில் கட்டி நடுத்தோணியில் வையுங்கள். உருண்டு ஒரு பக்கம் சேர்ந்தால் தோணி சரியும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், உப்பு குறைவு. சிறுநீரக நோயாளருக்குக் கொடுக்கவே வேண்டாம்.

தேசிக்காய்த் தண்ணிக்கு, கொதித்தாறிய ஒரு லீற்றருக்கு இரண்டு தேசிக்காய், 6 மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. வேர்வையில் போகும் உப்பை இது ஈடுசெய்யும். விதையை நசுக்கினால் கசக்கும். மெதுவாகப் பிழிந்து வடியுங்கள். முதல்நாளே பிழிந்தாலும் கசப்பேறும். இரவில் வெறுந்தண்ணியை ஒரு போத்தலில் உறையவைத்து மற்றவற்றோடு ஈரத்துணியில் சுற்றினால் மத்தியானம்வரை குளிர் நிற்கும். உறையும் தண்ணி பருக்கும், கழுத்தளவு இடம் விடாவிட்டால் போத்தல் வெடிக்கும்.

கல்லடிப் பாலத்தடியில் ஒரு மணித்தியாலச் சுற்றுக்கு இளநீர் போதும். அரைநாள் ஓட்டமென்றால் தேசிக்காய்த் தண்ணிதான், ஆளுக்கு ஒன்றரை லீற்றர். கோம்பையையும் போத்தலையும் வாவியில் எறியாமல் கரைக்கே கொண்டுவாருங்கள்.