செங்கோட்டை மிதிவண்டிக் குழு: பயனாளி ஒருவரின் மதிப்புரையும் நன்றியும்

செங்கோட்டை, பிரானூர், புளியரை வட்டாரத்தில் மிதிவண்டியில் செல்வோருக்காக இயங்கிவரும் தன்னார்வக் குழுவின் சேவையைப் பற்றி எழுதும்போது, அதைத் தொடங்க முதல் ஆளாக முன்வந்தவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெயர் வேண்டாம் என்பது அவர் விருப்பம் என்பதால், ஊரார் அழைப்பதுபோல அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறேன். கட்டணமில்லாத சேவைக்கு மதிப்புரை எதற்கு என்று சிலர் கேட்கலாம். இலவசம் என்றாலே குறையைப் பொறுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருப்பதால்தான், இது தரத்திலும் நல்ல சேவை என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளியே தெரியும் வேலை, ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் பழுதுபார்ப்பு முகாம். 11ஆம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டியை ஓட்டும் பிள்ளைகளும், மர அறுவை மில்லுக்கு வேலைக்குப் போகிறவர்களும்தான் பெரும்பாலும் வருகிறார்கள். பஞ்சர் ஒட்டுவதற்கும் ரிம் பெண்டு எடுப்பதற்கும் கூலி கிடையாது. டியூப், பிரேக் கட்டை முதலியவற்றை நாமே வாங்கிவர வேண்டும். எந்த வண்டி வந்தாலும் அண்ணாச்சி பிரேக்கிலிருந்துதான் தொடங்குவார். பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படாமல் டயரை உரசுகிறதா என்று சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக் கவனிப்பார். உரசினால், பஞ்சர் ஒட்ட வந்தவரைக்கூட அதைச் சரிசெய்யாமல் அனுப்ப மாட்டார். சாரல் காலத்தில் நனைந்த ரிம்மில் பிரேக் எவ்வளவு தாமதமாகப் பிடிக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பிடிவாதத்தின் அருமை புரியும்.

ஆனால் இதை வெறும் இலவசப் பட்டறையாக எண்ணிவிடக் கூடாது. கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊர்களின் வழியாகத்தான் கேரளத்துக்குள் நுழைகிறது. பாரம் ஏற்றிய லாரிகள் ஓடும் அந்தச் சாலையில், ஹாரன் சத்தத்துக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கியவர் மீண்டும் தாரில் ஏற முயலும்போது, தார் விளிம்பு மண்ணைவிட உயர்ந்து நின்றால், முன்சக்கரம் அந்த விளிம்பிலேயே உரசிக்கொண்டு ஓடி, வண்டி சாலைப் பக்கமே சாய்ந்துவிடும். பழைய தாரின்மேல் புதிய தார் போடும்போது ஓர மண்ணையும் சேர்த்து உயர்த்தாமல் விடுவதால் வருகிற ஆபத்து இது என்று எங்களுக்கு விளக்கியவர் அண்ணாச்சி. பள்ளிக்கூட அடிஸ்கேலை விளிம்பில் நிறுத்தி, பக்கத்துக் கிலோமீட்டர் கல்லும் தெரியும்படி படம் எடுத்து மனுவோடு இணைக்கச் சொன்னார். 'சாலை மோசமாக உள்ளது' என்று மட்டும் எழுதும் மனு எந்த மூலைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாததா?

அதைவிடப் பெரிய உதவி, எந்தச் சாலை யாருடையது என்று அவர் கைப்பட எழுதிக் கொடுத்த பட்டியல். நெடுஞ்சாலைக்கு ஓர் அலுவலகம், நகரத் தெருவுக்கு நகராட்சி, கிராமச் சாலைக்கு ஊராட்சி அல்லது ஒன்றியம். இது கைக்கு வருமுன், 'எங்கள் வரம்புக்கு உட்பட்டதல்ல' என்ற ஒரே வரியோடு எங்கள் மனுக்கள் திரும்பிக்கொண்டிருந்தன. இப்போது திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கும் மனுவிலேயே உரிய அலுவலகம் குறிக்கப்படுகிறது. நடவடிக்கை தெரியாவிட்டால், 30 நாளுக்குள் பதில் தர வேண்டிய தகவல் உரிமை விண்ணப்பம் பின்னாலேயே போகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 138(1ஏ) பிரிவின்படி, நடந்து செல்வோருக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் விதிகள் வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதையும் மனுவில் எழுதுகிறோம். ஒரு பள்ளிக்கு முன்னுள்ள வளைவில் கிராவல் கொட்டி ஓரத்தை மட்டப்படுத்தியிருக்கிறார்கள். மற்ற இடங்கள் அப்படியேதான் கிடக்கின்றன.

குறைகளும் உண்டு. ஆலோசனைக் கூட்டத்தை விடியற்காலையில் வைப்பது, உடற்பயிற்சிக்காக ஓட்டும் கியர் வண்டிக்காரர்களுக்கு வசதியே தவிர, வீட்டு வேலையை முடித்துவிட்டு வரவேண்டிய பெண்களுக்கு அல்ல. கேரியரில் மூட்டை கட்டி வியாபாரம் செய்பவர்கள் முதலில் பேசட்டும் என்று அண்ணாச்சி சொல்லாவிட்டால், பேச்சு முழுவதும் ஹெல்மெட்டையும் மலைப்பயணத்தையும் பற்றியே போய்விடுகிறது. தலைவர் பதவியை அவர் ஏற்க மறுத்ததும், பெயர்ப்பலகையில் தம் பெயரைச் சேர்க்க விடாததும் மதிக்கத்தக்கவைதான். ஆனாலும் அவர் இல்லாத நாளில் மனு எழுத இன்னும் ஓரிருவர் பழக வேண்டும். இவ்வளவையும் கைம்மாறு கருதாமல் செய்துவரும் அவருக்கு, முகாமில் வண்டியைச் சரிசெய்துகொண்ட எல்லார் சார்பிலும் நன்றி.

கேரள எல்லையில் உள்ள கோட்டைவாசலைத் தாண்டினால் நிர்வாகமும் வேறு, மனு எழுதும் மொழியும் வேறு என்பதால், ஆரியங்காவு வரையுள்ள சாலையில் குழுவின் கை எட்டவில்லை. செங்கோட்டை 1956 வரை அந்தப் பக்கத்து அரசோடு இருந்த ஊராகையால், மலையாளம் எழுதத் தெரிந்த பெரியவர்கள் இங்கே இருக்கக்கூடும் என்று அண்ணாச்சி விசாரித்துக்கொண்டிருக்கிறார். அப்படி யாரேனும் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு வந்து அவரைப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.