அடிவாரத்து ஏற்றமா, ஏரிக்கரை நடையா: பருத்த உடம்பின் இதயத்துக்கு எது நல்லது?

போன வருஷம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏற்காடு மலைப்பாதையில் இரண்டாவது கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், ஓரத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது என் எடை 96 கிலோ, இடுப்புச் சுற்றளவு 110 செ.மீ. நல்ல பனி. ஆனாலும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காதுக்குள் இதயம் அடிக்கிற சத்தம் கேட்டது. பத்தடி முன்னால் நின்ற மச்சான், "வாங்க மாப்ள, இன்னும் ஒரே ஒரு வளைவுதான்" என்றார். அவருக்குப் பதில் சொல்லக்கூட எனக்கு மூச்சு மிச்சம் இல்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். காலை 9 மணிக்குச் சம்மணம் போட்டால் மதியச் சோற்றுக்குத்தான் எழுவேன். சாயங்காலம் தட்டுவடை செட், இரவு தாமதமாகச் சாப்பாடு. பிரஷர் 150க்கு 94 வந்தபோது எக்கோ எடுத்தார்கள். இதயம் சுருங்குவதில் குறையில்லை, விரிந்து இளகுவதில்தான் தாமதம் என்றார் டாக்டர். "தினமும் மூச்சு வாங்குற மாதிரி ஏதாவது பண்ணுங்க" என்றும் சொன்னார். அந்த 'ஏதாவது' எது என்பதில்தான் எனக்கும் மச்சானுக்கும் வழக்கு. வாரம் ஒரு நாள் மலை ஏறினால் போதும் என்பது அவர் கட்சி. தினமும் மூக்கனேரிக் கரையில் நடப்பது என் கட்சி. இரண்டையும் செய்து பார்த்தாயிற்று, படித்தும் பார்த்தாயிற்று.

முதலில், பருமன் இதயத்தை என்ன செய்கிறது? உடம்பு பெருத்தால் ஓடும் இரத்தத்தின் அளவும் கூடும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதலாக இறைக்க வேண்டும். இரத்த அழுத்தமும் ஏறினால் இடது கீழறையின் சுவர் தடித்து விறைக்கும். இதயத்தின் மேலேயே ஒட்டி வளரும் கொழுப்பு ஒன்றும் உண்டு. இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 25 வந்தாலே பருமன் என்றும், ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் ஆபத்து என்றும் வைத்திருப்பது, நமக்கு வயிற்றில் கொழுப்பு சேரும் குணம் அதிகம் என்பதால்தான்.

உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் காட்டியது பஸ் என்பது எனக்குப் பிடித்த சேதி. லண்டன் மாடி பஸ்களில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மோரிஸ் 1953இல் எழுதினார். அப்புறம் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தால், டிரைவர்களின் இடுப்பளவு பெரிசு! அப்படியானால் வேலை காப்பாற்றியதா, உடல்வாகு காப்பாற்றியதா? சீருடைக் கணக்கையும் மறைக்காமல் 1956இல் வெளியிட்டார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

இப்போது வழக்குக்கு வருவோம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனை 1 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் நடந்தால் ஏறக்குறைய 3.5 பங்கு. அதே வேகத்தில், 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் ரோட்டில் ஏறினால் 6 பங்கு. என்னைப் போல் உட்கார்ந்தே பழகிய கனத்த ஆளுக்கு மொத்தத் திராணியே 6, 7 பங்குதான் இருக்கும். மச்சானுக்கு வேகநடையாக இருந்த ரோடு எனக்குக் கிட்டத்தட்ட உச்சகட்ட ஓட்டம். சோம்பலால் நான் உட்காரவில்லை, கையிருப்பு தீர்ந்துபோய் உட்கார்ந்தேன்.

இதில் இன்னொரு கணக்குத்தான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. 1993இல் அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம் விசாரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். வாரம் ஒரு முறைகூடக் கடும் உழைப்பு இல்லாதவர் திடீரென்று கடுமையாக உழைத்தால், உழைத்த கையோடு வரும் ஒரு மணி நேரத்துக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு 107 மடங்கு. வாரம் 5 முறையோ அதற்கு மேலோ உழைத்துப் பழகியவருக்கு அது 2.4 மடங்குதான். கடும் உழைப்பு என்று அவர்கள் கணக்கு வைத்தது 6 பங்கும் அதற்கு மேலும். என் மலை ரோடு சரியாக அங்கேதான் நிற்கிறது. ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு எப்போதுமே மிகச் சிறியது, ஆகவே 107 மடங்கு என்பதும் பெரிய எண் ஆகிவிடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிறிய ஆபத்தை ஏன் ஞாயிறுதோறும் விலை கொடுத்து வாங்க வேண்டும்?

மச்சானுக்கும் ஒரு நியாயம் உண்டு. வாரத்துக்கான 150 நிமிடத்தையும் ஓரிரு நாளில் முடித்துவிடுகிறவர்களுக்கும் இதயநோய் குறைவாகவே காணப்படுகிறது என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்த 150 நிமிடம் முழுசாக நடக்க வேண்டும். நாங்கள் ஞாயிறு ஏறியது 25 நிமிடம். கீழே வந்து சாப்பிட்ட பூரி எத்தனை என்று எழுத வேண்டாம்.

ஏரிக்கரைக்கு உள்ள பலம், அது நாளைக்கும் நம்மைக் கூப்பிடும் என்பதுதான். கன்னங்குறிச்சிப் பக்கம் வெயில் ஏறுவதற்குள் 40 நிமிடம், வாரம் 5 நாள், ஆக 200 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன 150 முதல் 300 நிமிட வரம்புக்குள் நிம்மதியாக அடங்கிவிடும். சும்மா ஊர்ந்தால் பலனில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. பிரஷர் மாத்திரையில் சில நாடித்துடிப்பைப் பிடித்து வைப்பவை, அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பாமல் மூச்சையே நம்பலாம். இப்படி மாதக்கணக்கில் நடந்தால் இரத்தக் குழாயின் உட்சுவர் நன்றாக விரியப் பழகும், ஓய்வில் இருக்கும்போது துடிப்பு குறையும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் 5 முதல் 8 வரை இறங்குகிறது.

எடை மட்டும் ஏமாற்றும். சாப்பாட்டைத் தொடாமல் நடை மட்டும் போனால் இறங்குவது சில கிலோதான். நிறைய பேர் இரண்டாம் மாதத்தில் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான், அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. டென்மார்க்கில் வயிற்றுப் பருமன் உள்ள 50 பேரை வைத்து 2019இல் ஓர் ஆய்வு வந்தது. 12 வாரம், வாரம் 3 நாள், 45 நிமிடம் மூச்சு வாங்கும் பயிற்சி செய்தவர்களுக்கு இதயத்தின் மேல் ஒட்டிய கொழுப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்திருந்தது. எடை மெஷின் இதைக் காட்டவே காட்டாது. எடை தூக்கியவர்களுக்கும் கால் பங்கு போல் கரைந்தது, அதனால் ஜிம்முக்குப் போகிறவர்களை நான் தடுக்க மாட்டேன்.

சைக்கிள்? முட்டி வலிக்கிற கனத்த ஆட்களுக்கு நடையைவிடவே நல்லது, பாரத்தைச் சீட்டு தாங்கிக்கொள்ளும். ஐந்து ரோடு டிராஃபிக்கில் விடச் சொல்ல மாட்டேன், வீட்டில் நிற்கும் சைக்கிள் போதும். நீச்சலும் அப்படியே, குளம் பக்கத்தில் இருந்தால்.

4 நிமிடம் வேகம், 3 நிமிடம் மெதுவாக, இப்படி 4 சுற்று என்பது நார்வேக்காரர்கள் பிரபலப்படுத்திய முறை. இதயத்தின் திராணியைச் சீரான நடையைவிடச் சீக்கிரம் கூட்டுகிறது. குமரகிரி மலைக்கோவில் படியில் அழகாகச் செய்யலாம். ஆனால் முதல் மூன்று மாதத்துக்கு அல்ல, டாக்டரைக் கேட்காமலும் அல்ல. நெஞ்சை இறுக்கினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி ஓடினாலோ, தலை சுற்றினாலோ நின்றுவிட வேண்டும். 'இன்னும் ஒரே ஒரு வளைவு' கிடையாது.

மலையை நான் தள்ளிவிடவில்லை. ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலையில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு மாதம் ஏறுவது மட்டும், இரண்டு மாதம் இறங்குவது மட்டும், மறுபாதைக்குக் கம்பிவட வண்டி. இரண்டிலும் கெட்ட கொழுப்பு குறைந்தது. சாப்பிட்ட பின் இரத்தக் கொழுப்பைச் சமாளிக்கும் திறன் ஏறியபோது மேம்பட்டது, சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் இறங்கியபோது மேம்பட்டது. அதாவது நம் ரோட்டில் இறங்கி வருவதும் வீண் இல்லை, மூச்சுக்கும் அது லேசு. முட்டிதான் வாடகை கேட்கும். அதனால் வரிசை முக்கியம். சமதளத்தில் மூன்று மாதம், அப்புறம் வாரம் ஒரு நாள் கொஞ்சம் ஏற்றம், மற்ற நாள் ஏரிக்கரையே.

நான் அப்படித்தான் செய்தேன். எடை இன்று 91. பெரிசாக ஒன்றும் இல்லை. பிரஷர் 132க்கு 84, இடுப்பு 101. மாத்திரை அப்படியே போகிறது, டாக்டர் சொல்லாமல் குறைக்க மாட்டேன். போன வாரம் மச்சானோடு மறுபடி அடிவாரம் போனேன். அந்தக் கட்டைச்சுவரைத் தாண்டும்போது அவர் தறிக்காரர் கூலி உயர்வு பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். நானும் நிற்காமல் பதில் சொல்லிக்கொண்டே போனேன்.