யார்க்ஷயர் டேல்ஸ் போகிற சைவக்காரர்களே, சிப்ஸ் எதில் பொரித்தது என்று கேளுங்கள்

இங்கிலாந்தின் யார்க்ஷயர் டேல்ஸ் பக்கம் அப்பா அம்மாவை அழைத்துப் போகிற சைவக் குடும்பங்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே பல மீன்-சிப்ஸ் கடைகளிலும் சில பப்களிலும் உருளைக்கிழங்கை எண்ணெயில் பொரிப்பதில்லை. உருக்கிய மாட்டுக்கொழுப்பில் பொரிக்கிறார்கள். பீஃப் டிரிப்பிங் என்று பெயர். மொறுமொறுப்பும் ருசியும் அதில்தான் வரும் என்பது அந்த ஊர்க்காரர்களின் பெருமை. அதை வெளிப்படையாக எழுதிப் போட்டு விற்கிற கடைகள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்ட பிறகும் மறைத்து விற்றவர்கள்மேல்தான் கோபம்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவோடு மால்ஹம் கோவ் பார்க்கப் போயிருந்தோம். அந்தப் பெரிய சுண்ணாம்புப் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மதியம் இரண்டு மணி தாண்டிவிட்டது. கிராமத்து பப்களில் இரண்டு, இரண்டரைக்கெல்லாம் சமையலறையை மூடிவிடுவார்கள், அப்புறம் சாயங்காலம்தான். போகிற வழியில் ஒரு பப் திறந்திருந்தது. கதவில் சுகாதார மதிப்பெண் 5 என்று ஸ்டிக்கர். மெனுவில் சிப்ஸுக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் சைவம் என்பதற்கான ‘வி’ எழுத்து. இருந்தாலும் பாரில் நின்ற பையனிடம், “அம்மா இறைச்சி, மீன், முட்டை எதுவும் தொடமாட்டார். சிப்ஸ் வெஜிடபிள் ஆயிலில்தானே?” என்று தெளிவாகக் கேட்டேன். உள்ளே போய்க் கேட்கக்கூட இல்லை. “ஆமாம், எல்லாம் வெஜிடேரியன்தான்” என்றான். பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

அம்மா பாதி சாப்பிட்டிருப்பார். தட்டு ஆறியதும் அடியில் வெள்ளையாக ஒரு படலம். “என்னடி இது, மார்கழி மாச நெய் மாதிரி உறைஞ்சு கிடக்கு?” என்றார். விரலால் தொட்டால் வழவழவென்று ஒட்டியது. சூரியகாந்தி எண்ணெய் மாதிரி சமையல் எண்ணெய் ஆறினாலும் இப்படி உறையாது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல், “டிரிப்பிங்தான், யார்க்ஷயரில் அப்படித்தான். உருளைக்கிழங்கு காய்கறிதானே, அதனால்தான் ‘வி’ போட்டிருக்கிறோம்” என்றார். அது ஒவ்வாமைப் பட்டியலில் இல்லை, அதனால் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லையாம். பணத்தையும் திருப்பித் தரவில்லை.

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். அன்று ராத்திரி வரை தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. பிறந்ததிலிருந்து கட்டிக்காத்த ஒன்றைப் பொய் சொல்லிக் கெடுத்துவிட்டார்கள். பணம் போனால் போகட்டும், இதற்கு யார் பதில் சொல்வது?

ஒவ்வாமை பற்றி அந்த மேலாளர் சொன்னது பாதி உண்மை. உணவகங்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய 14 பொருள்களில் மாட்டுக்கொழுப்பு கிடையாது. ஆனால் உணவைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது 1990ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விற்கிற பொருள் சொன்னபடி இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டமும் சொல்கிறது. அந்த 5 மதிப்பெண் சுத்தத்துக்கு மட்டும்தான், சட்டியில் என்ன கொதிக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அதனால் “வெஜிடேரியனா?” என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். “எந்தக் கொழுப்பில் பொரிக்கிறீர்கள்? மீனுக்கும் அதே சட்டிதானா?” என்று சமையலறையில் கேட்டுவரச் சொல்லுங்கள். தெரியாது என்றால் வேறு கடை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பப்களில் போடுகிற ரோஸ்ட் சாப்பாட்டில் இன்னும் கவனம் வேண்டும். சைவத்துக்கென்று நட் ரோஸ்ட் (பருப்பு வகைகளை அரைத்துச் சுட்டது) வைப்பார்கள், ஆனால் கூடவே வருகிற உருளைக்கிழங்கும், மாவில் சுடுகிற யார்க்ஷயர் புட்டிங்கும் அதே கொழுப்பில் வெந்திருக்கலாம். புட்டிங்கில் முட்டையும் உண்டு. கிரேவி இறைச்சிச் சாறாக இருக்கலாம். தோலோடு ஓவனில் வெந்த ஜாக்கெட் பொட்டேட்டோவும் தக்காளிச் சாற்றில் வேகவைத்த பீன்ஸும் எவ்வளவோ மேல், அதுதான் பெரும்பாலான டீக்கடைகளில் கிடைக்கிறதே. வயதானவர்கள் கூட வந்தால் பக்கத்து ஊரான ஸ்கிப்டனில் நிறுத்திக் கையில் ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். லீட்ஸ், பிராட்ஃபோர்ட் பக்கம் திரும்பிவிட்டால் குஜராத்திச் சைவ உணவகங்களில் பயமில்லாமல் உட்காரலாம்.

உங்களுக்கும் இப்படி நடந்தால் மெனுவை, தட்டை, ரசீதைப் படம் எடுத்துவிடுங்கள். கடைகளின் மோசடியை விசாரிக்கிற அரசுத் துறையான டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு, சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்கிற ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண் வழியாகத்தான் புகார் போகும். நானும் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, வந்ததும் எழுதுகிறேன்.