எந்த வைத்தியத்துக்கு எத்தனை வாரம்? காரணம் பிடிபடாத வயிற்றுக் கோளாறுக்கு ஓர் ஒப்பீடு

எண்டோஸ்கோபி சரி, ஸ்கேன் சரி, ரத்தப் பரிசோதனையும் சரி. ஆனாலும் சாப்பிட்ட அரைமணி நேரத்தில் வயிறு பொருமுகிறது, காலையில் மூன்று தடவை ஓட வேண்டியிருக்கிறது. நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் அலைந்து வாங்கிய ரிப்போர்ட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்ற பதிலோடு திரும்புகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய பேர். நானும் ஆறு வருஷம் அப்படித் திரிந்தேன். பஸ்ஸில் ஏறும்முன் வடசேரி பஸ் நிலையத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்வேன்.

ஒன்றும் இல்லாமல் இல்லை. குடலில் புண்ணோ கட்டியோ இல்லை, அவ்வளவுதான். குடல் அசையும் விதத்திலும், குடலுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் நரம்புச் செய்தியிலும் கோளாறு. வயிற்றுவலியோடு மலப்போக்கும் மாறினால் ஐபிஎஸ் (IBS, எரிச்சல் கொள்ளும் குடல் நோய்). மேல்வயிற்றில் எரிச்சலும் நிறைவும் என்றால் ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா, அதாவது புண் இல்லாத அஜீரணக் கோளாறு. எடை குறைவது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி, 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இதில் ஏதாவது இருந்தால் கீழே சொல்வது எதுவும் உங்களுக்கு இல்லை. முதலில் டாக்டரைப் பாருங்கள்.

எந்த வைத்தியம் நல்லது என்று கேட்பதைவிட, எதற்கு எத்தனை வாரம் கொடுத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம் என்று கேட்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். பத்து நாளில் டாக்டரை மாற்றுகிற பழக்கம் நமக்கு. பத்து நாளில் பதில் சொல்லும் வைத்தியம் இதில் அநேகமாக எதுவும் இல்லை.

எல்லார் வீட்டிலும் இருக்கும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை முதலில் எடுத்துக்கொள்வோம். மேல்வயிற்று எரிச்சலுக்கு இது உதவும், நாலிலிருந்து எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கலாம். இரைப்பையில் புண் உண்டாக்கும் பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதும் அப்போதே நடக்கட்டும். அடிவயிற்றுப் பொருமலுக்கும் பேதிக்கும் இதனால் பயன் இல்லை. நான் இரண்டு வருஷம் விழுங்கியது இதைத்தான். சுக்கும் ஓமத்தண்ணியும் அன்றைய பொருமலை அன்றைக்கு அடக்கும், அதற்கு நல்லது. நோயின் போக்கை அவை மாற்றியதை நான் பார்க்கவில்லை.

இசப்கோல் செலவு குறைந்தது, மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கிடைப்பது. தண்ணீரில் கரைந்து கூழாகும் நார் என்பதால் மலச்சிக்கலுக்கும் உதவும், இளக்கமான மலத்தையும் கட்டும். கோதுமைத் தவிடு அப்படி இல்லை, சிலருக்கு வலியைக் கூட்டிவிடும். அரை ஸ்பூனில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு, மெதுவாகக் கூட்ட வேண்டும். முதல் வாரம் வாயு கூடும். பலர் நிறுத்துவது அந்த வாரத்தில்தான். நாலு வாரம் பொறுத்துக்கொண்டால் தெரியும்.

உணவுக் கட்டுப்பாடுதான் நம் வீடுகளில் அதிகம் தவறாகச் செய்யப்படுவது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த ஃபாட்மேப் முறையில், சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் நொதித்து வாயுவாகும் சர்க்கரைகளைக் கொஞ்ச நாள் ஒதுக்குகிறார்கள். வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு, பால் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வாயு என்று எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் தண்ணீர் வடித்து அவித்த மரச்சீனியை வெறுமனே கொஞ்சம் தின்றபோது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. படுத்தியது மீன்கறியில் தேங்காயோடு சேர்த்து அரைத்த சின்ன உள்ளி, அதாவது சின்ன வெங்காயம். "உள்ளி இல்லாத கறிய எப்பிடி மக்கா கூட்டித் திம்ப?" என்று அம்மா வருத்தப்பட்டார். அப்புறம் ஒரு வழி கண்டோம். உள்ளியிலும் பூண்டிலும் உள்ள அந்தச் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. தேங்காய் எண்ணெயில் பூண்டை வதக்கி, பல்லை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் கறி தாளித்தால் மணம் நிற்கும், வயிறு கலங்காது. சர்க்கரை நோய்க்கென்று ராத்திரி சப்பாத்திக்கு மாறியவர்கள் வயிறு உப்புகிறது என்றால், கோதுமையையும் சந்தேகிக்கலாம். ஆனால் மாற்று உணவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இந்தக் கண்டிப்பு இரண்டிலிருந்து ஆறு வாரம்தான். அதற்குமேல் நீட்டினால் குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாக்களுக்கும் தீனி குறையும், உடம்புக்குச் சத்தும் குறையும். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது எவ்வளவு தாங்கும் என்று நோட்டில் எழுத வேண்டும். அந்த இரண்டாம் பாதியைச் செய்யாமல், வருஷக்கணக்காகக் கஞ்சி மட்டும் குடித்து மெலிந்தவர்களைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகும் வலி நிற்காதவர்களுக்கு, குறைந்த அளவு அமிட்ரிப்டிலின். பழைய மனச்சோர்வு மருந்து. இங்கே குடல் நரம்பின் வலியுணர்வைத் தணிக்கத் தருகிறார்கள். இங்கிலாந்தில் 463 பேரிடம் ஆறு மாதம் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வில், 10 மில்லிகிராமில் தொடங்கி 30 வரை போனவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட நல்ல குணம் தெரிந்தது. வாய் உலரும், தூக்கம் வரும், மலம் கட்டும். அதனால் பேதி வகைக்கு இது இன்னும் பொருந்தும். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. ஒரு மருந்துக்கடையில் "இது மெண்டல் மாத்திரையாச்சே" என்று சொல்லக் கேட்டு நான் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். அந்த வெட்கத்துக்கு அவசியமே இல்லை. ஒன்றிரண்டு மாதமாவது கொடுத்துத்தான் இதை எடைபோட முடியும்.

குடலை மையமாக வைத்த ஹிப்னோதெரபி, அதாவது ஆழ்ந்த தளர்வு நிலையில் தரும் மனப்பயிற்சி, 1984-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் சோதித்துக் காட்டப்பட்டது. வாரம் ஒன்றாக ஏறக்குறைய 12 அமர்வுகள். பலன் நீண்டகாலம் நிற்பது இதன் சிறப்பு. எங்கள் மாவட்டத்தில் இதை ஐபிஎஸ்ஸுக்கென்றே செய்பவரை நான் சந்திக்கவில்லை. கிடைத்தால் மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் வைப்பேன்.

தானாகக் குறைவதும் உண்டு. கனடாவின் வாக்கர்டனில் 2000-இல் குடிநீர் கெட்டு வயிற்றுப்போக்கு பரவியது. பாதிக்கப்பட்டவர்களில் இரண்டு மூன்று வருஷம் கழித்து 28 சதவீதம் பேருக்கு ஐபிஎஸ் இருந்தது, எட்டாம் வருஷம் 15 சதவீதம்.

எனக்கு இசப்கோலும் உணவு நோட்டும் முதல் இரண்டு மாதம், அதன்பின் அமிட்ரிப்டிலின் மாத்திரை ஒன்பது மாதம். டாக்டர் அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இப்போது மாதத்தில் இரண்டு மூன்று நாள் படுத்துகிறது. புட்டுக்கு ஒரு கரண்டி பயறு சேர்த்துக்கொள்கிறேன், மட்டிப்பழம் ஒன்று தாங்குகிறது. உள்ளி மட்டும் இன்னும் திரும்பவில்லை.