ஸ்லிப்-ஆனா, ஃபுல் சிஸ்டமா?

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் பைக்கின் எக்ஸாஸ்ட், அதாவது புகைக்குழாய், மாற்றப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது இதைத்தான்.

ஃபுல் சிஸ்டம் என்றால் எஞ்சினிலிருந்து வால்முனை வரை குழாய் எல்லாமே புதிது. எடை குறையும், பவர் கொஞ்சம் ஏறும். பல பைக்குகளில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சேர்ந்தே போய்விடும். இஞ்செக்‌ஷன் வண்டிக்கு எரிபொருள் அளவைச் சரிசெய்யும் ட்யூனிங் செலவு வேறு. செப்பாங் ரேஸ் டிராக்கில் ஓட்டுபவருக்குச் சரி.

ஸ்லிப்-ஆனில் பின்னாடி சைலன்சர் மட்டும்தான் மாறும். சத்தம் கனமாக இருக்கும், காதைக் கிழிக்காது. ஆனால் வால்முனையில் ஒற்றை போல்ட்டில் நிற்கும் அந்தச் சின்னக் குழாய், சத்தத்தைக் குறைக்கும் டிபி கில்லர், இருக்க வேண்டும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தெரியும். சைலன்சருக்குள்ளே சுற்றிய கண்ணாடிப் பஞ்சு நாளாக நாளாகக் கருகும், சத்தமும் ஏறும். அதை மாற்றாதவர்தான் அதிகம்.

ஃபிளாட்டில் இருப்பவருக்கு என் ஓட்டு ஸ்லிப்-ஆனுக்கே. இரண்டு புளோக்குக்கு நடுவே சத்தம் சுவரில் மோதி மேலே ஏறும். நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் பத்தாவது மாடிக் குழந்தையையும் எழுப்பிவிடுவான். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு வாகன ஒலி விதிமுறைகள் இரண்டுக்கும் பொருந்தும், ஸ்லிப்-ஆனுக்குச் சலுகை கிடையாது. "டிபி கில்லரைக் கழற்றிடவா, அண்ணே?" என்று கடைத் தம்பி கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள்.